பின்பக்கமாகப் படி இறங்கியவர்

லண்டன் நகரில் ஒரு பெரியவர் இருந்தார். மாடிப்படியில் அவர் மற்றவர்களைப் போல இறங்க மாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்குவார். நேராக இறங்கினால் உடல் பாரத்தை முழங்காலும் கணுக்காலும் தாங்காது. குனிந்து தம் பூட்சுக் கயிற்றைக் கட்டவும் அவரால் முடியாது.

அவர்தான் வில்லியம் பாண்டிங்.

அரச குடும்பத்தின் சவ அடக்க ஏற்பாடுகளைச் செய்து வந்த புகழ்பெற்ற குடும்பம் அவருடையது. 1820-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், 1852-ல் வெலிங்டன் பிரபு ஆகியோரின் இறுதி ஊர்வலங்களை நடத்தியது இந்தக் குடும்பத்தின் நிறுவனமே.

பணமும் பெயரும் இருந்தன. ஆனால் தெருவில் இறங்கினால் கேலி. வண்டியில் ஏறினால் ஏளனப் பார்வை. கூட்டங்களுக்குப் போவதையே அவர் குறைத்துக் கொண்டார்.

பலிக்காத வைத்தியம்

பாண்டிங் சோம்பேறி அல்ல. டாக்டர் சொன்னபடி அதிகாலையில் ஆற்றில் படகு வலித்தார். கைகால் வலுத்தது, கூடவே பசியும் பெருகியது. எடை கூடியதுதான் மிச்சம்! கடலில் குளித்தார். குதிரைச் சவாரி செய்தார். நீராவிக் குளியல் எடுத்தார். மருந்தாகக் குடித்துத் தீர்த்தார். எதுவும் பலிக்கவில்லை.

1862 ஆகஸ்டில் அவர் எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. உயரமோ 5 அடி 5 அங்குலம்தான். காதும் மந்தமாகிவிட்டது.

காது டாக்டர் கண்டது

காதுக்காக அவர் பார்க்கப் போனவர் வில்லியம் ஹார்வி என்ற டாக்டர். கல்லீரலும் சர்க்கரையும் பற்றி கிளாட் பெர்னார்ட் என்ற விஞ்ஞானி பாரிசில் நிகழ்த்திய சொற்பொழிவுகளைக் கேட்டு வந்தவர் அவர். நோயாளியின் காதைவிட அவருடைய சாப்பாட்டுத் தட்டிலேயே கோளாறு இருப்பதாக ஹார்வி முடிவு செய்தார்.

ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவைதான் பாண்டிங்கின் அன்றாட உணவு. அவற்றை நிறுத்தச் சொன்னார் டாக்டர். காலையில் நாலைந்து அவுன்ஸ் இறைச்சி அல்லது மீன், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். மத்தியானம் மீன் அல்லது இறைச்சி, உருளைக்கிழங்கு தவிர்த்த காய்கறி, கொஞ்சம் பழம். சுட்ட ரொட்டி வேளைக்கு ஓர் அவுன்ஸ் மட்டும். கொஞ்சம் திராட்சை மதுவுக்கும் அனுமதி இருந்தது.

பட்டினி இல்லை. ஆனாலும் எடை வாரா வாரம் இறங்கியது. ஓராண்டில் 46 பவுண்டு, அதாவது சுமார் 21 கிலோ குறைந்தது. இடுப்பு 12 அங்குலத்துக்கு மேல் சுருங்கியது. காது முன்னைவிட நன்றாகக் கேட்டது. படியிலும் நேராக இறங்கினார்!

ஊருக்குச் சொன்னார்

அத்துடன் அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தம்மைப் போல அவமானப்படுகிறவர்களை அவர் மறக்கவில்லை. 1863-ல் தம் கதையைச் சிறு புத்தகமாக அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். கேட்டவர் கூட்டம் பெருகவே, பிறகு விலைக்கும் வந்தது.

மருத்துவப் பத்திரிகைகள் சீறின. சவப்பெட்டிக்காரருக்கு வைத்தியம் எதற்கு என்று பரிகசித்தவர்களும் உண்டு. பாண்டிங் அசையவில்லை. கடித வழியாகக் கேட்டவர்களுக்குப் பதில் எழுதினார். ஊரார் அவர் பெயரையே வினைச்சொல் ஆக்கினார்கள். சுவீடன் நாட்டில் உடம்பு இளைக்கச் சாப்பாட்டைக் குறைப்பதற்கு இன்றும் பாண்டா என்பதே சொல்.

1878 மார்ச் 16-ந் தேதி அவர் காலமானார். வயது 81.

நமக்கும் பாடம்

நாற்காலியில் அமர்ந்து வேலை. வேளாவேளைக்குத் தட்டு நிறையச் சோறு. நடுவே நாலு தடவை சர்க்கரை போட்ட டீ. தொந்திக்கு வேறு காரணம் தேட வேண்டாம். பாண்டிங்கின் மதுவையும் மாட்டிறைச்சியையும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை. சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கீரை என்று சேர்த்தாலே போதும். நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

அறுபது வயது கடந்த ஒருவரால் முடிந்தது, முப்பதிலும் நாற்பதிலும் இருப்பவர்களால் முடியாதா என்ன?