சீர்காழி இரா. அரங்கநாதன்

சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன் (ஆகஸ்ட் 12, 1892 – செப்டம்பர் 27, 1972) தமிழகத்தைச் சேர்ந்த கணிதவியலாளர், கணித ஆசிரியர், நூலகவியல் அறிஞர் ஆவார். எஸ். ஆர். ரங்கநாதன் என்ற பெயரால் உலகெங்கும் அறியப்படுபவர். கல்லூரிக் கணித ஆசிரியராகத் தம் வாழ்வைத் தொடங்கிய இவர், 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். கணிதத்தின் அடிப்படைக் கோட்பாட்டு முறையை நூலகத் துறைக்குள் கொண்டுவந்து, அதுவரை பழக்கவழக்கங்களின் தொகுப்பாக மட்டுமே இருந்த ஒரு தொழிலை அறிவியலாக வளர்த்தெடுத்தார். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

அரங்கநாதன் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், காவிரிப் படுகையில் அமைந்த சீர்காழியில் பிறந்தார். திருஞானசம்பந்தர் பிறந்த ஊர் என்ற சிறப்புடைய சீர்காழி, மயிலாடுதுறைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் சேர்க்கப்பட்ட இவ்வூர், 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் அடங்கியுள்ளது. இவருடைய பிறந்த நாள் ஆகஸ்ட் 9 என்றும் குறிக்கப்படுவதுண்டு. எனினும் ஆகஸ்ட் 12ஆம் நாளே பொதுவாகக் கொண்டாடப்படுகிறது.

தந்தை இராமாமிர்த ஐயர் சிறு நிலக்கிழார். ஊராருக்கு இராமாயணம் சொல்லி வந்தவர். தாயார் சீதாலட்சுமி. அரங்கநாதனுக்கு ஆறு வயதானபோதே தந்தை காலமானார். சீர்காழியில் உள்ள சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் இவர் பயின்றார். இளமையில் திக்குவாய் இவரைத் துன்புறுத்தியது. பின்னாளில் வகுப்பறையையே தம் தொழிற்களமாகத் தேர்ந்துகொண்ட இவர், அக்குறையைத் தம் முயற்சியால் கடந்தார்.

கல்வி

1909இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். தாம்பரத்திற்கு இடம்பெயர்வதற்கு முன்னர் அக்கல்லூரி சென்னை நகரின் ஜார்ஜ் டவுன் பகுதியில் இயங்கி வந்தது. 1913இல் இளங்கலைப் பட்டமும் 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயின்று 1917இல் எல்.டி. என்னும் ஆசிரியப் பயிற்சிப் பட்டம் பெற்றார்.

கிறித்தவக் கல்லூரியில் இவருக்குக் கணிதம் கற்பித்தவர் பேராசிரியர் எட்வர்டு ராஸ். ஆசிரியரும் மாணவருமாகத் தொடங்கிய இவ்வுறவு, கல்லூரிப் படிப்பு முடிந்த பின்னரும் நீடித்தது. அரங்கநாதனின் புகழ்பெற்ற நூலக விதிகளின் பிறப்பிலும் ராசுக்கு ஒரு பங்கு உண்டு என்பதைப் பின்னர்க் காணலாம்.

அரங்கநாதன் கல்லூரியில் பயின்ற ஆண்டுகளில்தான் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசனின் பெயர் சென்னைக் கணித வட்டாரத்தில் பேசப்படத் தொடங்கியது. 1913இல் இராமானுசன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவரானார். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். இருவரும் காவிரிக் கரையில் வளர்ந்தவர்கள். இருவருக்கும் இடையே வயதில் ஐந்தாண்டு வேறுபாடே இருந்தது.

கணித ஆசிரியர்

1917இல் மங்களூர் அரசுக் கல்லூரியில் கணித விரிவுரையாளராக அரங்கநாதன் பணியில் சேர்ந்தார். பின்னர் கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியிலும், 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றினார். கணித வரலாற்றைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். சென்னை ஆசிரியர் சங்கத்தில் கணிதம், அறிவியல் பிரிவின் செயலாளராகவும் இருந்தார். கணிதம் கற்பிப்பதே தம் வாழ்நாள் பணி என்று அவர் உறுதியாக எண்ணியிருந்தார்.

ஆனால் அக்காலத்தில் கல்லூரி ஆசிரியரின் ஊதியம் குறைவு. 1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை உருவாக்கியது. அதற்கு ஏறத்தாழ 900 விண்ணப்பங்கள் வந்தன. விண்ணப்பித்தோரில் எவரும் நூலகப் பயிற்சி பெற்றவரல்லர். நண்பர்களின் தூண்டுதலால் அரங்கநாதனும் விண்ணப்பித்தார். நேர்காணலுக்குச் சில நாட்கள் முன்பு பிரித்தானிகா கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரையே நூலகத்தைப் பற்றி அப்போது அவருக்கு இருந்த முழு அறிவும் ஆகும். எனினும் ஆராய்ச்சிப் பின்புலம் உடையவர் என்பதால் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தயக்கமும் இலண்டன் பயணமும்

1924 சனவரியில் நூலகர் பொறுப்பை ஏற்ற அரங்கநாதனால் அப்பணியில் ஒன்ற இயலவில்லை. மாணவர்கள் நிறைந்த வகுப்பறையிலிருந்து வந்தவருக்கு, படிப்போர் அரிதாகவே வந்து சென்ற நூலகம் தனிமைச் சிறையாகத் தோன்றியது. சில நாட்களிலேயே மீண்டும் கற்பித்தல் பணிக்கே அனுப்பிவிடுமாறு வேண்டினார். இறுதியில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. அவர் இலண்டன் சென்று நூலகப் பணியைக் கற்றுவர வேண்டும்; அதன் பிறகும் விருப்பமில்லையெனில் கணித ஆசிரியப் பணிக்குத் திரும்பலாம் என்பதே அது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகப் பயிற்சி பெற்றார். அங்கு ஆசிரியராக இருந்த பெர்விக் சேயர்ஸ், குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவராகவும் விளங்கினார். அவருடைய உதவியுடன் இங்கிலாந்தின் பல நூலகங்களை அரங்கநாதன் நேரில் சென்று கண்டார். குழந்தைகள், தொழிலாளர்கள், பெண்கள் எனப் பல தரப்பினரும் நூலகங்களைத் தம் வீடு போல் பயன்படுத்தியதைக் கண்டபோது அவருடைய எண்ணம் மாறியது. நூலகரும் ஓர் ஆசிரியரே, அவருக்கு வாய்த்த வகுப்பு மட்டுமே பெரியது என்பது அவருக்கு விளங்கியது. 1925 சூலையில் தாயகம் திரும்பியவர், மாநிலக் கல்லூரிப் பணியை மீண்டும் கோரவில்லை.

கோலன் பகுப்பு முறை

அந்நாளில் உலகின் பல நூலகங்களில் அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறை வழக்கில் இருந்தது. இம்முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் பட்டியலிட்டுத் தரப்படும். பட்டியலில் இல்லாத புதிய பொருளைப் பற்றி நூல் வந்தால் அதற்கு உரிய இடம் கிடைப்பது அரிது. இந்தியவியல் சார்ந்த நூல்களுக்கு இதில் ஒதுக்கப்பட்ட இடமும் மிகக் குறைவு. இக்குறைகள் அரங்கநாதனை உறுத்தின.

இலண்டனில் செல்பிரிட்ஜ் என்னும் பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுக் கருவியை விற்பனையாளர் இயக்கிக் காட்டுவதை அவர் கண்டார். அதே சில தகடுகளையும் சக்கரங்களையும் திருகுகளையும் வெவ்வேறு வகையில் இணைத்து வெவ்வேறு பொம்மைகள் செய்யப்பட்டன. நூலின் பொருளையும் இவ்வாறே சில அடிப்படைக் கூறுகளின் சேர்க்கையாக அமைக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கே தோன்றியது. கூறுகளைப் பிணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியை அவர் பயன்படுத்தினார். ஆங்கிலத்தில் அக்குறிக்கு வழங்கும் பெயராலேயே இம்முறை கோலன் பகுப்பு முறை எனப்பட்டது. இதன் முதற்பதிப்பு 1933இல் வெளிவந்தது.

பின்னாளில் இக்கூறுகளை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து அடிப்படை வகைகளாக அவர் வரையறுத்தார். எடுத்துக்காட்டாக, 1950களில் தஞ்சைப் பகுதியில் நெற்பயிரைத் தாக்கிய நோய்களைப் பற்றிய நூல் ஒன்றைக் கொள்வோம். வேளாண்மை என்னும் துறையின் கீழ் நெல், நோய், தஞ்சை, 1950கள் ஆகிய கூறுகளுக்கு உரிய குறிகளை வரிசையாக இணைத்தால் அந்நூலின் எண் கிடைத்துவிடும். இந்த முழுச் சேர்க்கையும் எந்தப் பட்டியலிலும் முன்னதாக இடம்பெற்றிருக்க வேண்டியதில்லை. சில கூறுகளிலிருந்து எண்ணற்ற சேர்க்கைகளை உருவாக்கும் இந்த வழி கணித இயல்புடையது.

எண்களைக் கையாண்ட விதத்திலும் கணித ஆசிரியரின் கை தெரிகிறது. ஒரு வரிசையில் 1 முதல் 8 வரையுள்ள இலக்கங்களுக்கே பொருள் தரப்படும். 9க்குத் தனிப்பொருள் கிடையாது. எட்டு இடங்களும் நிரம்பிய பின் 91, 92 எனத் தொடங்கி 98 வரை மேலும் எட்டு இடங்கள் கிடைக்கும். அவையும் நிரம்பினால் 991 முதல் 998 வரை எனத் தொடரலாம். இந்த எண்களைப் பதின்மப் பின்னங்களாகக் கொள்வதால் 8க்குப் பின் 91உம், 98க்குப் பின் 991உம் வரிசை குலையாமல் அமைகின்றன. எனவே, ஏற்கெனவே அடுக்கிய நூல்களின் எண்ணை மாற்றாமலேயே வரிசை எவ்வளவு தொலைவும் வளர முடிகிறது.

ஐந்து விதிகள்

நூலகம் திறந்திருக்கும் நேரம், அலமாரியின் உயரம், நூல் வழங்கும் முறை, அட்டவணை எனத் தனித்தனியே கிடந்த நூற்றுக்கணக்கான நடைமுறைகளை ஒரு சில அடிப்படை உண்மைகளிலிருந்து வருவிக்க இயலாதா என்ற கேள்வி அரங்கநாதனை நெடுநாள் வாட்டியது. யூக்ளிட்டின் வடிவியலைக் கற்பித்தவருக்கு இத்தகைய கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. 1928இல் நூலகத்திற்கு வந்த ராஸ், தம் பழைய மாணவரின் குழப்பத்தைக் கேட்டறிந்து முதல் விதியைத் தாமே எடுத்துரைத்தார். எஞ்சிய நான்கையும் அரங்கநாதன் விரைவில் வகுத்தார். 1931இல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக இவை நூல்வடிவம் பெற்றன.

நூல்கள் காப்பதற்கன்று, பயன்பாட்டிற்கே உரியவை என்பது முதல் விதியின் கருத்து. இதிலிருந்து, நூலகம் மக்கள் வந்துபோகும் இடத்தில் அமைய வேண்டும், நெடுநேரம் திறந்திருக்க வேண்டும், அலமாரிகள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும் என்பன பெறப்படுகின்றன. ஒவ்வொரு படிப்பாளிக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்னும் இரண்டாம் விதியிலிருந்து அரசின் கடமையும் நூலகச் சட்டத்தின் தேவையும் எழுகின்றன. மூன்றாம் விதி ஒவ்வொரு நூலுக்கும் அதைப் படிப்பவர் கிடைக்க வேண்டும் என்கிறது. படிப்போர் அலமாரிகளிடையே தாமே சென்று தேடும் உரிமை இதன் விளைவு. நான்காம் விதி படிப்பவரின் காலம் வீணாகாமையை வலியுறுத்துகிறது. நூலகம் உயிருள்ள ஒன்றைப் போல் வளர்வது என்பது ஐந்தாம் விதி. கட்டடம் முதல் எண்முறை வரை அனைத்தும் அவ்வளர்ச்சிக்கு இடம் தர வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகம்

இவ்விதிகளைத் தம் நூலகத்திலேயே அரங்கநாதன் செயற்படுத்தினார். நூலக நேரம் நீட்டிக்கப்பட்டது. படிப்போர் அலமாரிகளை நேரடியாக அணுக வழிவகுக்கப்பட்டது. வேண்டிய நூலைத் தேடித்தரும் உதவிப்பணி தொடங்கப்பட்டது. 1936இல் சேப்பாக்கத்தில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. விடுமுறையின்றி நாள்தோறும் 13 மணி நேரம் அவர் உழைத்ததாகக் கூறப்படுகிறது.

1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதில் முதன்மைப் பங்காற்றினார். 1929இல் நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். பல்கலைக்கழகம் 1931இல் அப்பொறுப்பை ஏற்றது. 1937இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாக உயர்ந்தது. கணித வகுப்பை விட்டு வந்தவர் இவ்வாறு மீண்டும் ஒரு வகுப்பறையைத் தமக்கு அமைத்துக்கொண்டார்.

ஊர்ப்புற நூலகமும் நூலகச் சட்டமும்

நகரத்து மாணவருக்கு மட்டுமே நூல் கிடைத்தால் இரண்டாம் விதி நிறைவேறாது. 1931 அக்டோபரில், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. அரங்கநாதனின் ஊக்கம் பெற்ற இந்த நூலகம், நெல்வயல்கள் சூழ்ந்த சிற்றூர்களுக்கு நூல்களைச் சுமந்து சென்றது.

ஆயினும் தனிமனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிப் பொது நூலகங்கள் நிலைபெற இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1930இல் காசியில் கூடிய அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் சட்டமன்ற முயற்சிகள் கைகூடவில்லை. 1948இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராகவும் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராகவும் இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுவே. சொத்து வரியுடன் நூலக வரியும் பெற்று நூலகங்களை நடத்த இச்சட்டம் வழிசெய்தது. தமிழக ஊர்களில் இன்று காணப்படும் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் இச்சட்டத்தின் வழிவந்தவை.

பிற்காலம்

1944இல் சென்னைப் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விலகினார். ச. இராதாகிருட்டிணனின் அழைப்பை ஏற்று 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்ற அவர், அங்கிருந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களைப் பகுத்து ஒழுங்குபடுத்தினார். 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தார். 1955 முதல் 1957 வரை சூரிக்கில் தங்கி ஐரோப்பிய அறிஞர்களுடன் தொடர்பு கொண்டார். பிரித்தானியப் பகுப்பியல் ஆய்வாளர்கள் அவருடைய கூறுமுறையை ஏற்று மேலும் வளர்த்தனர்.

தம் வாழ்நாள் சேமிப்பான ஒரு இலட்சம் ரூபாயை, துணைவியார் சாரதாவின் பெயரில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் பெங்களூரில் ஆவணவியல் ஆய்வு மற்றும் பயிற்சி நடுவத்தைத் தொடங்கினார். கணிதத்தின் மீதான பற்றும் குறையவில்லை. இராமானுசனை அறிந்தவர்களின் நினைவுகளைத் திரட்டி, அவருடைய வாழ்வையும் கணிதத்தையும் பற்றிய ஆங்கில நூலை 1967இல் வெளியிட்டார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார்.

சிறப்புகள்

1957இல் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1965இல் நூலகவியலுக்கான தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். தில்லிப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் பிட்சுபர்க் பல்கலைக்கழகமும் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தன. நூற்றாண்டையொட்டி 1992இல் இவருடைய உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. ஆகஸ்ட் 12 இந்தியாவில் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.