முதலாம் இலக்கத் தாதி

பிரித்தானியாவில் இன்று தாதியாகப் பணிபுரிய விரும்புவோரின் பெயர் அரச அங்கீகாரம் பெற்ற பதிவேட்டில் இருத்தல் வேண்டும். கடமையிற் பெருந்தவறு இழைத்தால், விசாரணையின் பின் அப்பெயர் நீக்கப்படவும் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வொழுங்கு இருக்கவில்லை. தொப்பியும் மேலங்கியும் அணிந்த எவரும் தம்மைத் தாதி என அழைத்துக்கொள்ளலாம். அவரது கவனயீனத்தால் நோயாளி ஒருவர் இறப்பினும், மறுவாரமே வேறொரு வீட்டில் வேலைக்கு அமரலாம். இந்நிலையை மாற்ற 32 ஆண்டுகள் போராடியவர் எதெல் பெட்போர்ட் பென்விக் அம்மையார்.

ஸ்கொட்லாந்தின் எல்ஜின் நகருக்கு அண்மையில் 1857 இல் பிறந்த எதெல், நொட்டிங்காமிலும் மான்செஸ்டரிலும் பயிற்சி பெற்றார். 24 வயதிலேயே, 1881 இல், இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையின் தலைமைத் தாதியானார். 1887 இல் மருத்துவர் பென்விக்கை மணந்து பதவியைத் துறந்தார். ஆனால் ஓய்ந்திருக்கவில்லை. அவ்வாண்டிலேயே பிரித்தானியத் தாதியர் சங்கத்தை உருவாக்கினார். மூன்றாண்டுப் பயிற்சியும், பொதுத் தேர்வும், சட்டம் காக்கும் பதிவேடும் அவர் கோரியவை.

இதனை எதிர்த்தவர்களுள் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் ஒருவர் என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கும். நல்ல தாதிக்குரிய பண்பைத் தேர்வினால் அளக்கவியலாது என்பது அவர் வாதம். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது; பரிவுக்குப் புள்ளியிடுவது எங்ஙனம்? ஆயினும் பயிற்சியற்றவரிடம் அகப்பட்ட நோயாளிக்கு அவ்வாதம் என்ன துணை செய்யும்? எதெல் தாம் நடத்திய தாதியர் இதழில் இடைவிடாது எழுதினார். நியூசிலாந்து 1901 இலேயே தாதியர் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. பிரித்தானியப் பாராளுமன்றத்திலோ 1904 முதல் மசோதாக்கள் மீண்டும் மீண்டும் தோற்றன. முதலாம் உலகப் போர் முடிந்த பின்னரே, 1919 டிசம்பரில், சட்டம் நிறைவேறியது. 1921 இல் திறக்கப்பட்ட பதிவேட்டின் முதலாம் இலக்கத்தில் எதெலின் பெயர் பதியப்பட்டது.

அவரிடம் குறையே இல்லையெனக் கூறுதல் பொருந்தாது. உயர்குடிப் பெண்களே இப்பணிக்கு ஏற்றவர் என்னும் எண்ணம் அவரிடம் இருந்தது. விண்ணப்பம் ஒவ்வொன்றையும் அவர் துருவி ஆராய்ந்தமையால் பதிவு தாமதமாயிற்று, உடனிருந்தோரும் மனங்கசந்தனர். தாம் போராடி அமைத்த தாதியர் மன்றத்தின் முதலாவது தேர்தலிலேயே அவர் தோல்வியுற்றார்.

அதன் பின்னரும் தமது இதழின் ஆசிரியப் பணியை அவர் கைவிடவில்லை. 1947 மார்ச்சில், 90 ஆவது வயதில் காலமானார். அடுத்த ஆண்டு யூலை 5 ஆம் திகதி பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை ஆரம்பமாயிற்று.