கிராமத்துப் பாடல்களைக் காத்த பெலா பார்டோக்

ஐரோப்பா கண்டம் போற்றும் இசைமேதைகளுள் ஒருவர் பெலா பார்டோக். 1881ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், அன்று ஹங்கேரியின் ஆட்சியில் இருந்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். இன்று அவ்வூர் ருமேனியாவில் உள்ளது. ஏழு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் பவுலா ஆசிரியைப் பணி செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகனுக்கு முதன்முதலில் பியானோ கற்றுக்கொடுத்தவரும் அந்த அன்னையே.

புடாபெஸ்டு நகர இசைக் கல்லூரியில் தேர்ச்சி பெற்ற பார்டோக், 1904இல் பணிப்பெண் ஒருத்தி பாடிய நாட்டுப்பாடலைக் கேட்டார். அந்த எளிய மெட்டு அவருடைய வாழ்க்கைப் பாதையையே மாற்றிவிட்டது. முதலில் ஹங்கேரியப் பாடல்களைத் திரட்டினார். பின்பு ருமேனிய மொழியையும் கற்றுக்கொண்டு, 1909இல் பிஹோர் பகுதி ஊர்களுக்குச் சென்றார். இயோன் புஷித்யா என்னும் ருமேனிய ஆசிரியர் அவருக்கு உற்ற துணையானார்.

எடிசன் கண்டுபிடித்த ஒலிப்பதிவுக் கருவியையும் மெழுகு உருளைகளையும் சுமந்துகொண்டு அவர் ஊர் ஊராக அலைந்தார். எழுதப் படிக்க அறியாத உழவர்களும் முதிய பெண்களும் பாடியவற்றைப் பணிவோடு கேட்டுப் பதிவு செய்தார். 1913இல் மாராமுரேஷ் பகுதியில் நீண்ட இழைப்புடைய தனிவகைப் பாடலைக் கண்டார். மொழி ஒன்றே ஆயினும் பகுதிக்குப் பகுதி இசை வேறுபடுவதை விளக்கிக் காட்டினார். 1915இல் இயற்றிய ருமேனிய நாட்டுப்புற நடனங்களைப் புஷித்யாவுக்கே காணிக்கையாக்கினார்.

முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியரும் ருமேனியரும் பகைத்து நின்றனர். ருமேனியப் பாடல்களை ஆராய்ந்ததற்காக, 1920இல் சொந்த நாட்டவரே அவரை நாட்டுப்பற்று இல்லாதவர் எனப் பழித்தனர். அவரோ பணியைக் கைவிடவில்லை. ருமேனியரின் கிறிஸ்து பிறப்புக் காலப் பாடல்களான கொலிந்தாக்களின் மெட்டுகளை 1935இல் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார்.

நாஜிக் கொடுமையை வெறுத்து 1940இல் அமெரிக்கா சென்றார். வறுமையும் நோயும் வாட்டியபோதும் ருமேனியத் தொகுப்பைச் செப்பனிட்டு வந்தார். அது அச்சேறுவதைக் காணாமலேயே 1945 செப்டம்பர் 26ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார். அவர் திரட்டிய ஏறத்தாழ 3,400 மெட்டுகள் அடங்கிய தொகுப்பு, 1967 முதல் 1975 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது.

அன்பு மாணவியரே! பாடியவர்கள் மறைந்தனர், பாடல்கள் மறையவில்லை. பிற மக்களின் செல்வத்தையும் தம் செல்வம்போல் காத்தவரின் உழைப்பே அதற்குக் காரணம்.