ஜாப் சார்னோக்

ஜாப் சார்னோக் (ஏறத்தாழ 1630 – சனவரி 10, 1693) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காள முகவராகப் பணியாற்றியவர். கொல்கத்தா நகரைத் தோற்றுவித்தவர் என நெடுங்காலம் கருதப்பட்டார். தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் சார்னோக்கைட்டு என்னும் கருநிறப் பாறை இவரது பெயரால் வழங்குகிறது. எனினும் அப்பாறையைக் கண்டறிந்தவர் இவர் அல்லர். இவரது கல்லறைக் கல்லே இப்பெயருக்குக் காரணமாகும்.

வாழ்க்கை

1650களில் கம்பனிப் பணிக்காக இந்தியா வந்த சார்னோக், காசிம்பசாரிலும் பின்னர் நெடுங்காலம் பாட்னாவிலும் பணிபுரிந்தார். 1686 இல் வங்காளத்தின் தலைமை முகவரானார். அவ்வாண்டில் முகலாயர்களுடன் மூண்ட மோதலால் ஊக்ளியை விட்டு வெளியேறினார். 1689 இல் சென்னைக்கு வந்து தங்கினார். இவருடைய மூன்று மகள்களும் அவ்வாண்டு புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் திருமுழுக்குப் பெற்றனர். வங்காள ஆளுநர் இப்ராகிம் கானின் அழைப்பை ஏற்று, 1690 ஆகத்து 24 அன்று சுதாநுதி என்னும் சிற்றூருக்குத் திரும்பினார். அங்கேயே காலமானார்.

இவருடைய மனைவி ஓர் இந்தியப் பெண். உடன்கட்டை ஏறவிருந்த அவரைச் சார்னோக் மீட்டு மணந்தார் என்றொரு கதை வழங்குகிறது. அது உறுதி செய்யப்படவில்லை.

கல்லறையும் பாறையும்

இவரது மருமகன் சார்லசு அயர் எழுப்பிய கல்லறை மண்டபம், கொல்கத்தா புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. கல்லில் இறந்த ஆண்டு 1692 என உள்ளது. அக்கால ஆங்கிலேயரின் புத்தாண்டு மார்ச்சு 25 இல் தொடங்கியதால், இன்றைய கணக்கில் அது 1693 ஆகும்.

நிலவியலாளர் தாமசு என்றி ஹாலந்து 1893 இல் இக்கல்லை ஆராய்ந்தார். அது சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறையை ஒத்திருந்தது. குவார்ட்சு, பெல்சுபார் ஆகியவற்றுடன் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமும் கொண்ட அப்பாறைக்குச் சார்னோக்கைட்டு எனப் பெயரிட்டார். 1900 இல் இப்பாறை வரிசை பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். இதை அவர் கற்குழம்பு உறைந்து உருவான தீப்பாறையாகக் கருதினார். பல இடங்களில் மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியே சார்னோக்கைட்டு உருவானது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

தமிழகத்தில்

நீலகிரி, சேர்வராயன் மலை, பழனி மலை ஆகியவற்றில் சார்னோக்கைட்டு மிகுதியாக உள்ளது. திண்டுக்கல் மாவட்டத்தில், எரியோட்டிற்குத் தெற்கே திண்டுக்கல் நகரைக் கடந்து அமைந்த சிறுமலையிலும் இது காணப்படுகிறது. மக்கள் வழக்கில் இது வெறும் கருங்கல்லே. பல்லாவரத்திலுள்ள சார்னோக்கைட்டுப் பாறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

நிறுவனர் சர்ச்சை

சுதாநுதி, கோவிந்தபூர், கலிகாதா ஆகிய ஊர்கள் சார்னோக்கின் வருகைக்கு முன்பே இருந்தன. அவற்றின் வரிவசூல் உரிமை, அவர் இறந்த பின் 1698 இல் சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தாரிடமிருந்து கம்பனிக்குக் கிடைத்தது. இக்குடும்பத்தார் தொடுத்த வழக்கில், சார்னோக்கை நகரின் நிறுவனராகக் கொள்ளலாகாது எனக் கொல்கத்தா உயர்நீதிமன்றம் 2003 இல் தீர்ப்பளித்தது. நகரின் நிறுவனர் என்னும் சிறப்பு இவ்வாறு நீங்கினாலும், பாறையின் பெயர் மாறாமல் உலகெங்கும் நிலவியலில் வழங்கி வருகிறது.