சாந்திவனத்துச் சந்நியாசி சுவாமி அபிஷிக்தானந்தர்



குளித்தலைக்கு அருகே, காவேரிக் கரையிலுள்ள தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் என்றோர் ஆசிரமம் இருப்பதை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை நிறுவிய இரு குருக்களில் ஒருவருடைய சரித்திரத்தை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம். அவர் வாழ்வு நமக்கும் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. வேறு மார்க்கத்தாரின் உள்ளத்தை உண்மையாய் அறிய விரும்புகிறவன் தன் விசுவாசத்தைக் கழற்றி வைக்க வேண்டுமா?

ஹென்றி லெ சோ என்பது அவருடைய பெயர். 1910-ம் ஆண்டு ஆகஸ்ட் 30-ம் தேதி பிரான்சு தேசத்தின் பிரித்தானி கடற்கரையில் சேன் பிரியாக் என்னும் ஊரில் பிறந்தார். 1929-ல் கெர்கோனான் ஊரிலுள்ள அர்ச். ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் சேர்ந்தார். இந்தியாவில் தபோ வாழ்வு நடத்த வேண்டுமென்ற ஆசை அவரைப் பல்லாண்டு விடாமல் பற்றியிருந்தது. அப்போது குளித்தலைப் பகுதியில் ஜூல் மொன்ஷானின் என்ற பிரெஞ்சுக் குருவானவர் ஊழியம் செய்து வந்தார். இருவருக்கும் கடிதப் பழக்கம் உண்டாயிற்று. 1948 ஆகஸ்டில் லெ சோ சுவாமியார் நம் தேசம் வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டு ஜனவரியில் இருவரும் திருவண்ணாமலைக்குச் சென்று ரமண மகரிஷியைக் கண்டார்கள். அந்தச் சந்திப்பு லெ சோ சுவாமியாரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. மகரிஷி தம்மிடம் வந்தவர்களைத் தர்க்கத்துக்கு அழைக்கவில்லை. நான் என்று ஒவ்வொருவரும் சொல்கிறோமே, அந்த நான் எங்கிருந்து எழுகிறது என்று தன்னுள்ளேயே கவனித்துப் பார்க்கும்படி சொன்னார். எழுதி வைத்த கொள்கைக்கு முன்பாக, நேரே அனுபவிப்பதைக் கவனிப்பதே அவர் காட்டிய வழி.

அக்காலத்து ஐரோப்பாவிலும் இதற்கு நெருங்கிய ஒரு முறை இருந்தது என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள். ஜெர்மன் தேசத்தில் தத்துவம் போதித்த எட்மண்ட் ஹஸ்ஸெர்ல் (1859–1938) என்பவர் பினாமினாலஜி என்ற தத்துவமுறையை உருவாக்கினார். ஒரு பொருளைப் பற்றி நாம் முன்பே கொண்டுள்ள அபிப்பிராயங்களைச் சற்று நிறுத்தி வைத்து, அது நம் உணர்வில் எப்படித் தோன்றுகிறதோ அப்படியே உற்று நோக்கி விவரிப்பதே அதன் சாரம். எடை போடுமுன் தராசுத் தட்டைத் துடைப்பது போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அர்ச். எடித் ஸ்டைன் அவரிடம் பயின்று, 1916-ல் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சியை முடித்தவரே. ஹஸ்ஸெர்ல் 1925-ல் புத்தருடைய போதனைகளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் படித்து, அதைப் பாராட்டி எழுதினார். ஆனால் இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. ஹஸ்ஸெர்ல் தேடியது அறிவுக்கு உறுதியான அஸ்திவாரம். மகரிஷி காட்டியது விடுதலைக்கு வழி. அனுபவத்தை உற்று நோக்குவதில் இருவரும் சந்திக்கிறார்கள். போய்ச் சேரும் இடம் வேறு.

லெ சோ சுவாமியார் ஹஸ்ஸெர்லின் பள்ளியைச் சேர்ந்தவரல்லர். அந்தச் சந்திப்பிடத்தில் அவர் உடலோடும் ஆத்துமத்தோடும் வாழ்ந்து பார்த்தார். 1950 மார்ச் 21-ம் தேதி, அர்ச். ஆசீர்வாதப்பர் திருநாளன்று, சாந்திவனம் துவங்கிற்று. அர்ச். தமதிரித்துவத்தை முன்னிட்டு அதற்குச் சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயரிட்டார்கள். காவியுடுத்தி, மரக்கறி உண்டு, குடிசையில் வாழ்ந்தார்கள். லெ சோ சுவாமியார் அபிஷிக்தானந்தர் ஆனார். 1952 முதல் பலமுறை அருணாசல மலைக் குகைகளில் தங்கி மௌனத்தில் ஆழ்ந்தார்.

அங்கேதான் சோதனை. எல்லாம் ஒன்றே என்னும் அத்வைத அனுபவம் தம்மை ஆட்கொள்வதாக அவர் உணர்ந்தார். அப்படியானால் பிதாவை நோக்கிச் சேசுநாதர் செய்த செபம் என்னாவது? திவ்விய பூசை என்னாவது? இந்த வேதனையைத் தம் நாட்குறிப்பில் பல்லாண்டு எழுதினார். உடனிருந்த மொன்ஷானின் சுவாமியாரும் இவர் போக்கைக் கண்டு கவலைப்பட்டார். ஆசிரமத்தில் சேர்ந்து நிலைத்தவர்களும் அரியர். 1957 அக்டோபர் 10-ம் தேதி மொன்ஷானின் சுவாமியார் பாரிஸ் நகரில் மரித்தார். அபிஷிக்தானந்தர் வேதனைக்குப் பயந்து எந்தப் பக்கமும் ஓடிவிடவில்லை. இரண்டையும் சுமந்தார்.

1961 முதல் சுவிட்சர்லாந்து தேசத்து ஸ்தானாபதி ஜாக் கூத்தா என்பவருடைய ஊக்கத்தால், இந்து மார்க்கத்தை அறிய விரும்பிய கிறிஸ்தவர்கள் அல்மோரா முதலிய இடங்களில் கூடினார்கள். அபிஷிக்தானந்தரும் அதில் பங்கு கொண்டார். வாதம் செய்யாமல், உபநிஷதங்களைச் செப உணர்வோடு வாசித்தார்கள்.

நாம் முதலில் கேட்ட கேள்விக்கு அவருடைய நண்பர் ரைமோன் பணிக்கர் என்ற குருவானவர் (1918–2010) தெளிவான விடை எழுதினார். அபிப்பிராயத்தை நிறுத்தி வைக்கலாம். விசுவாசத்தை நிறுத்தி வைக்க முடியாது, வைக்கவும் கூடாது என்பது அதன் கருத்து. விசுவாசத்தை வெளியே விட்டு வருகிறவனிடம் பகிர்ந்துகொள்ள என்ன இருக்கும்? 1964-ல் இவ்விருவரும் கங்கோத்திரிக்கு யாத்திரை போனார்கள்.

1968-ல் அபிஷிக்தானந்தர் சாந்திவனத்தை பீட் கிரிபித்ஸ் சுவாமியாரிடம் ஒப்படைத்து, கங்கைக் கரைக் குடிசைக்குப் போய்விட்டார். 1973 ஜூலை 14-ம் தேதி ரிஷிகேசத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது மாரடைப்பால் தெருவில் விழுந்தார். அந்த வீழ்ச்சியையே பெரிய வரப்பிரசாதமாக, விழிப்பாக ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பர் 7-ம் தேதி இந்தூரில் மரணமடைந்தார்.

பிரியமானவர்களே, குகைக்குப் போக நம்மெல்லோருக்கும் அழைப்பில்லை. ஆனால் தேயிலைக் காட்டில் நம் பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளுகிறவர் வேறு மார்க்கத்தவராயிருக்கலாம். அவரைப் பற்றி நாம் கேள்விப்பட்டவை வேறு, அவர் தம் துக்கத்தில் எப்படிக் கடவுளை நோக்குகிறார் என்பது வேறு. இவ்வாரம் ஒரு நாளாவது, முன் எண்ணத்தை ஒதுக்கி, அவர் சொல்வதைப் பொறுமையாய்க் கேளுங்கள். அன்று மாலை வீட்டில் குடும்ப செபமாலையைக் குறைக்காமல் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தடையல்ல என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.