மூன்று தரகர்கள் சொன்ன ஒரு விலை

கடந்த பெரும்போக வெட்டு முடிந்த கையோடு, சம்மாந்துறை வட்டையில் விளைந்த எங்கள் நெல்லை வாப்பா அவசரப்பட்டு விற்றார். மூன்று தரகர்கள் வெவ்வேறு நாட்களில் வந்து, விலை இன்னும் இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது வாப்பாவின் கணக்கு. இரண்டு கிழமையில் விலை ஏறியது. விசாரித்தபோது, மூவரும் ஒரே ஆலைக்காரரிடமிருந்து அந்தக் கதையைக் கேட்டு வந்தவர்கள் என்று தெரிந்தது. வாப்பாவின் கையில் இருந்தது ஒரேயொரு தகவல்தான்.

ஒரு செய்தியை இன்னொரு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பது ஊடகக் கற்கையில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். அதே பாடத்தை வயலுக்குக் கொண்டுபோன ஒரு மனிதரின் வாழ்க்கையை, அந்த நட்டத்துக்குப் பிறகுதான் தேடி வாசித்தேன். அவர் பெயர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ்.

1893 ஜூன் 29இல் கல்கத்தாவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பௌதிகவியல் படித்துவிட்டு ஊர் திரும்பி, பிரெசிடென்சி கல்லூரியில் விரிவுரையாளரானார். புள்ளிவிபரவியல் அவருக்குப் பக்கத்து ஆசையாகத்தான் இருந்தது. 1922இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, நீரைத் தேக்கிவைக்கப் பெருஞ்செலவில் கட்டுமானங்கள் வேண்டும் என்று பொறியியலாளர்கள் கருதினார்கள். மஹலனோபிஸ் ஏறத்தாழ 50 வருட மழை, வெள்ளப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். தேக்குவதில் பயனில்லை, நீர் விரைவாக வடிய வழி செய்வதே தேவை என்ற முடிவுக்கு வந்தார். எடுக்கப்போகும் முடிவையே மாற்றக்கூடிய தகவலுக்குத்தான் பெறுமதி என்பது இதில் தெரிகிறது.

1931இல் அதே கல்லூரியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 முதல் வங்காளத்தின் சணல் பயிரை அளக்கும் வேலையில் இறங்கினார். சணல் எவ்வளவு விளையும் என்ற முன்மதிப்பீட்டை நம்பித்தான் வியாபாரிகளும் அரசும் முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு காணியையும் எண்ணும் முழுக் கணக்கெடுப்பு ஒரு வழி. சில இடங்களை மட்டும் எழுமாறாகத் தெரிந்தெடுத்து அளக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு மற்றது. பின்னர் வர்த்தகப் புள்ளிவிபரங்களோடு ஒப்பிட்டபோது, மாதிரிக் கணக்கே உண்மைக்குக் கிட்ட நின்றது. செலவோ முழுக் கணக்கெடுப்பில் ஒரு சிறு பங்கு. அவசரமாகத் திரட்டிய பெருங்கூட்டம் விடும் பிழைகளை, பயிற்சி பெற்ற சிறு குழு விடுவதில்லை.

அந்தச் சிறு குழுவையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. ஒரே பகுதிக்கு வெவ்வேறு குழுக்களை, ஒன்றையொன்று சாராமல் வேலைசெய்ய அனுப்பினார். இரண்டு கணக்கும் விலகி நின்றால் எங்கோ தவறு என்று அறியலாம். வாப்பாவுக்குத் தேவைப்பட்டதும் இதுதான்: ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத இரண்டு பேர்.

அவருடைய வழியும் குறையற்றதல்ல. விளைச்சலை அளக்க மிகச் சிறிய வட்டங்களை வெட்டினால், ஓரத்துப் பயிரும் உள்ளே சேர்ந்து கணக்கு கூடிவிடும் என்று பி.வி. சுகாத்மே வாதிட்டார். பிழையைத் தேடுவதே தொழிலான துறையில் அந்த வாதமும் பயன் தந்தது. 1950இல் இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. 1972 ஜூன் 28இல், 79 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், மஹலனோபிஸ் காலமானார்.

எங்கள் பக்கத்திலும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் தெரிந்தெடுத்த வயல்களில் வெட்டி அளந்துதான் நெல் விளைச்சலை மதிப்பிடுகிறது. ஆனால் அந்த மதிப்பீடு அறிக்கையாகி வரும்போது கல்முனை, நிந்தவூர் பக்கத்துச் சிறு விவசாயிகள் பலர் கடனுக்காக நெல்லை விற்று முடித்திருப்பார்கள். பிந்தி வரும் சரியான தகவலும் அவர்களுக்கு உதவாது. அந்த இடைவெளியில்தான் தரகரின் வாய்ச்சொல் விலைபோகிறது.

இந்தச் சிறுபோகத்துக்கு வந்த தரகரிடம் வாப்பா விலையைக் கேட்டார். அடுத்ததாக, அந்த விலையை அவருக்குச் சொன்னது யார் என்றும் கேட்டார்.