கப்பலை ஒற்றை ஆளாக இழுத்த ஆர்க்கிமிடீஸ்

கரையில் ஒரு பெரிய சரக்குக் கப்பல் நின்றது. மூன்று பாய்மரங்கள் உள்ள கப்பல். பலர் சேர்ந்து மூச்சு முட்ட இழுத்துத்தான் அதைக் கரையேற்றியிருந்தார்கள். அதில் ஆட்கள் ஏறினார்கள். வழக்கமான சரக்கும் ஏற்றப்பட்டது.

சற்றுத் தூரத்தில் ஒருவர் உட்கார்ந்தார். அவர் கையில் கயிற்றின் நுனி இருந்தது. அவசரம் இல்லாமல் இழுத்தார். கப்பல் நகர்ந்தது! தண்ணீரில் மிதந்து வருவதுபோல் அவரை நோக்கி வந்தது.

அவர்தான் ஆர்க்கிமிடீஸ். 2,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர். இந்தச் சம்பவத்தைப் புளூட்டார்க் என்ற வரலாற்று ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

மன்னரின் சந்தேகம்

இத்தாலிக்குத் தெற்கே சிசிலி என்ற தீவு இருக்கிறது. அங்கே சைரக்யூஸ் நகரில், கி.மு. 287 வாக்கில் ஆர்க்கிமிடீஸ் பிறந்தார். தந்தை பிடியாஸ், வானநூல் அறிந்தவர்.

நகரை ஆண்ட மன்னர் ஹியரோ, ஆர்க்கிமிடீசுக்கு நண்பர். எவ்வளவு பெரிய பாரத்தையும் சிறிய பலத்தால் நகர்த்தலாம் என்று மன்னருக்கு அவர் எழுதினார். நிற்க வேறோர் இடம் கிடைத்தால் இந்தப் பூமியையே அசைக்கலாம் என்றும் சொன்னார். மன்னர் திகைத்தார். செய்து காட்டும்படி கேட்டார். அதற்குத்தான் அந்தக் கப்பல்!

மந்திரம் அல்ல, கப்பி!

ஆர்க்கிமிடீஸ் மந்திரம் எதுவும் செய்யவில்லை. பல கப்பிகளைச் சேர்த்துக் கயிறு கோத்தார். அவ்வளவுதான்.

அது எப்படி? உத்தரத்தில் ஒரு கப்பியை மாட்டி, 60 கிலோ மூட்டையைத் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். மூட்டை கயிற்றைக் கீழே இழுக்கிறது. மறு நுனியை நாம் கீழே இழுக்கிறோம். கயிறு விறைக்கிறது. இந்த விறைப்புக்கு இழுவிசை என்று பெயர். ஒரே கயிற்றில் நுனிக்கு நுனி இழுவிசை ஒரே அளவுதான். ஆகவே 60 கிலோவைத் தூக்க 60 கிலோ பலமே வேண்டும். கீழ்நோக்கி இழுக்கலாம் என்பது ஒன்றே வசதி. உத்தரம் பாவம்! மூட்டையையும் நம் இழுப்பையும் சேர்த்து 120 கிலோவைத் தாங்குகிறது.

இனி, கப்பியை மூட்டையில் கட்டுங்கள். கயிற்றின் ஒரு நுனியை உத்தரத்தில் கட்டி, கப்பிக்கு அடியில் கொடுத்து, மறு நுனியை மேல்நோக்கி இழுங்கள். இப்போது மூட்டையை இரண்டு கயிறுகள் தாங்குகின்றன. பாதிப் பாரம் உத்தரத்துக்கு, பாதி நமக்கு. 30 கிலோ பலம் போதும். கப்பிகளைக் கூட்டி ஐந்து கயிறுகள் தாங்கும்படி செய்தால் 12 கிலோ போதும்.

இது இனாம் அல்ல. மூட்டை ஓர் அடி ஏற, ஐந்து அடி கயிற்றை இழுக்க வேண்டும். பலம் மிச்சம், தூரம் செலவு. கப்பியின் எடையும் உராய்வும் கொஞ்சம் பலத்தை விழுங்கும்.

நகரைக் காத்த அறிவு

மன்னரின் வேண்டுகோளால் ஆர்க்கிமிடீஸ் போர்க் கருவிகளும் செய்தார். ஹியரோ கி.மு. 215-ல் இறந்தார். பிறகு சைரக்யூஸ், ரோமாபுரியின் பகை நாடான கார்த்தேஜுடன் சேர்ந்தது. கி.மு. 213-ல் ரோமத் தளபதி மார்செல்லஸ் பெரும்படையோடு வந்து நகரை முற்றுகையிட்டார்.

மதிலுக்கு மேலிருந்து பெருங்கற்கள் பறந்தன. இரும்புக் கொக்கிகள் இறங்கிக் கப்பல்களின் முனையைப் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்தன. ரோம வீரர்கள் நடுங்கினார்கள். மதிலின் மேல் ஒரு துண்டுக் கயிறு தெரிந்தாலே ஓட்டம் பிடித்தார்களாம்!

ஆனால் ஒரு திருவிழாவின்போது காவல் தளர்ந்தது. ரோமர்கள் மதில் ஏறினார்கள். கி.மு. 212-ல் நகரம் வீழ்ந்தது. கணக்கில் மூழ்கியிருந்த ஆர்க்கிமிடீசை ஒரு வீரன் வெட்டிக் கொன்றான். அப்போது அவருக்கு வயது சுமார் 75. செய்தி கேட்டு மார்செல்லஸ் வருந்தினார். அவருடைய உறவினர்களுக்கு மரியாதை செய்தார்.

புதர் மூடிய கல்லறை

காலப்போக்கில் சொந்த ஊராரே அவரை மறந்தார்கள். கி.மு. 75-ல் சிசிலிக்கு அதிகாரியாக வந்த ரோம அறிஞர் சிசரோ, முட்புதருக்குள் அவருடைய கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்தார். அதில் உருளையும் கோளமும் செதுக்கப்பட்டிருந்தன.

கல்லறை மறைந்தாலும் கணக்கு மறையவில்லை. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பாரந்தூக்கி இன்றும் அதே கணக்கில்தான் இயங்குகிறது. பாரம் பெரிதாக இருந்தால் பயம் வேண்டாம். பங்கிட்டுக்கொண்டால் சுமை குறையும்!